விடியற்காலையில் மட்டும் ட்ரிப் ஆகிறது, பகலில் ஒன்றுமே இல்லை

மாவுக்காரம்மா, ராயபுரம்

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரம் பனைமரத்தொட்டி பக்கம் எங்கள் வீடு. மாமனார் காலத்தில் கட்டியது. கீழே ஒரு குடித்தனம், மாடியில் நாங்கள். நான் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். சாயங்காலம் இரண்டு கிரைண்டர் ஓடும். ராத்திரி பத்து மணிக்குள் கரைத்து, புளிக்க வேண்டியதை வெளியே வைத்துவிட்டு மீதியை பிரிட்ஜில் ஏற்றிவிடுவேன். காலை ஆறு மணிக்கெல்லாம் தூக்குவாளியோடு ஆள் வந்து நிற்கும்.

மார்கழி பிறந்ததிலிருந்து மெயின் பாக்ஸில் இருக்கிற ஆர்.சி.சி.பி. (கரண்ட் எங்காவது கசிந்தால் தானாக விழுகிற பெரிய சுவிட்ச்) ராத்திரி மூணு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் விழுந்துவிடுகிறது. மேலே தூக்கினால் உடனே ‘டக்’ என்று திரும்ப விழுகிறது. எட்டு, எட்டரைக்குத் தூக்கினால் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கிறது. அப்புறம் நாள் முழுக்கத் தொல்லை இல்லை. கிரைண்டர், மிக்சி, வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடினாலும் நிற்கிறது. எம்.சி.பி. (ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கிற சின்ன சுவிட்ச்) ஒன்றுகூட விழுவதில்லை, அந்தப் பெரியது மட்டும்தான். விடிய விடிய பிரிட்ஜ் நின்று போய், மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறது. “என்னம்மா, நேத்து மாவா?” என்று கேட்கிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழே முழங்கால் வரை தண்ணீர். அதற்கப்புறம்தான் மெயின் பாக்ஸை உயரத்தில் மாற்றி, இந்த ஆர்.சி.சி.பி. வைத்தோம். 40 ஆம்ப், 30 மில்லி ஆம்ப் என்று எழுதியிருக்கிறது. இதுவரை மூன்று எலக்ட்ரீஷியன் வந்தாயிற்று. மூன்று பேரும் பகலில்தான் வந்தார்கள். முதல் ஆள் ‘டிவைஸ் போச்சு’ என்று புதிதாக மாற்றினார். இரண்டாயிரத்துச் சொச்சம் போனது, அன்று ராத்திரியே விழுந்தது. இரண்டாவது ஆள் எல்லா ஸ்க்ரூவையும் டைட் வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது ஆள், “கடலோர வீட்டுக்கெல்லாம் இது ஒத்துவராது, பைபாஸ் பண்ணிடலாம்” என்கிறார். வீட்டுக்காரர் அதற்குச் சரி என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

கொருக்குப்பேட்டை தம்பி

அக்கா, எங்கள் வீட்டிலும் இதே கதைதான். எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்துவிட்டோம். மூணு வருஷமாக நிம்மதி. அந்தக் காலத்தில் இதெல்லாம் யார் வீட்டில் இருந்தது? பீங்கான் ஃபியூஸ் கேரியர்தானே. வேண்டுமானால் 30-க்குப் பதில் 300 மில்லி ஆம்ப் போடச் சொல்லுங்கள், விழாது.

வியாசர்பாடி வாடகை வீடு

பிரிட்ஜ் ஃப்ராஸ்ட் ஃப்ரீயா என்று பாருங்கள். அந்த மாடலில் ஐஸ் உருக்க உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக ஓடும். எங்கள் வீட்டில் அந்த ஹீட்டரில்தான் லீக்கேஜ் இருந்தது. ‘நடு ராத்திரியில் யார் என்ன போட்டார்கள்’ என்று ஒரு மாதம் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டோம். ஒரு ராத்திரி பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுங்கள், தெரிந்துவிடும்.

ஓய்வு வயர்மேன், திருவொற்றியூர்

அம்மா, முதலில் பைபாஸ் பேச்சை விடுங்கள். தம்பி, கோபித்துக்கொள்ளாதே, உன் வீட்டிலும் அதைத் திரும்ப வை. 100, 300 மில்லி ஆம்ப் எல்லாம் லீக்கேஜில் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு வைப்பது. தொட்ட ஆளைக் காப்பாற்றுவது 30-தான். அந்த அளவுக்கு மேல் உடம்பு வழியாக ஓடினால் இதயத் துடிப்பு தடுமாறுகிற ஆபத்து உண்டு.

எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் வேறு வேறு வேலைக்காரர்கள். லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ விழுவது எம்.சி.பி. ஆர்.சி.சி.பி.க்கு லோடு பற்றிக் கவலை கிடையாது. அது மீன்பிடித் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கிற கணக்குப்பிள்ளை மாதிரி. ஃபேஸில் எவ்வளவு போனது, நியூட்ரலில் எவ்வளவு திரும்பி வந்தது என்று மட்டும் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் சரி. நடுவில் எங்கேயோ சுவர் வழியாகவோ ஆள் வழியாகவோ பூமிக்குப் போய்விட்டால் கணக்கு உதைக்கும், உடனே விழும். அதனால்தான் கிரைண்டர் எல்லாம் ஒன்றாக ஓடினாலும் உங்களுக்கு விழவில்லை. கூடவே ஒன்று: 30 என்று எழுதியிருந்தாலும் 15-க்கு மேல் 30-க்குள் எங்கே வேண்டுமானாலும் விழலாம். அப்படித்தான் அதைச் செய்கிறார்கள்.

உங்கள் டிவைஸ் பழுதில்லை. புதிது மாற்றியும் அதே நேரத்துக்கு விழுகிறது பாருங்கள். மூன்று மணிக்கு விழுவது, எட்டரைக்கு நிற்பது, இதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். வந்த மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தார்கள், மணியைப் பார்க்கவில்லை. உங்கள் சமையலறையில் கல்லுப்பு ஜாடி மார்கழி மாதம் எப்படி இருக்கிறது? கசிந்து நீர் விட்டிருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் வாக்கில் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலைப் பார்த்த சுவரில் இருக்கிற எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே ஒரு பூச்சு உப்பு படிந்திருக்கும். பகலில் காய்ந்து கிடக்கும்போது அது பவுடர். பனி இறங்கினால் அதுவே ஒரு வயர். வெயில் ஏறினால் மறுபடியும் பவுடர். பகலில் வருகிறவருக்கு எதுவும் கிடைக்காததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது எம்.சி.பி. லீவரை ஏற்றி இறக்குவது மட்டும்தான். பெட்டியைத் திறக்காதீர்கள், ஸ்க்ரூ டிரைவர் எடுக்காதீர்கள். விழுந்ததும் எல்லா எம்.சி.பி.யையும் கீழே இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் தூக்குங்கள். அப்போதும் விழுந்தால் நியூட்ரல் எங்கேயோ எர்த்தில் தொடுகிறது என்று சந்தேகப்படலாம். வீட்டு எம்.சி.பி. பெரும்பாலும் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் தொடுப்பிலேயே இருக்கும். அது வேறு வைத்தியம். நின்றால், ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றியதும் விழுகிறது என்று ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள். ஒரு ராத்திரியோடு நிறுத்தாமல் நான்கைந்து ராத்திரி எழுதுங்கள்.

மொட்டை மாடியில் லைட் இருக்கிறதா? வெளிச்சுவரில் பிளக், காலிங் பெல், சம்ப் மோட்டார் ஏதாவது?

புது வண்ணாரப்பேட்டை

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்களுக்கு ஏ.சி. போட்டு இருபது நிமிஷம் கழித்து 16 ஆம்ப் எம்.சி.பி. விழுகிறது. 25 போட்டுவிடலாமா?

ஓய்வு வயர்மேன், திருவொற்றியூர்

போடக் கூடாது. எம்.சி.பி. காப்பாற்றுவது ஏ.சி.யை அல்ல, சுவருக்குள் இருக்கிற வயரை. வயர் 1.5 ஸ்கொயராக, அதாவது 1.5 சதுர மில்லிமீட்டராக, இருந்து நீங்கள் 25 போட்டால் வயர்தான் ஃபியூஸ் ஆகும். போட்ட நொடியில் விழுந்தால் ஷார்ட். இருபது நிமிஷம் சூடாகி விழுந்தால் ஓவர்லோடு, இல்லை எம்.சி.பி. முனையில் லூஸ் கனெக்‌ஷன். லூஸாக இருந்தால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் பழுத்திருக்கும், கருகிய வாசனை வரும். ஆளைக் கூப்பிட்டு அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வயர் எத்தனை ஸ்கொயர் என்று பார்த்துவிட்டுத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள்.

மாவுக்காரம்மா, ராயபுரம்

ஐயா, ஐந்து ராத்திரி எழுதினேன். மாவுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்தான். அப்படியே தருகிறேன்.

முதல் ராத்திரி: வியாசர்பாடிக்காரர் சொன்னபடி பிரிட்ஜைப் பிடுங்கிவிட்டுப் படுத்தேன் (மாவைக் கீழ் வீட்டு பிரிட்ஜில் வைத்தேன், கேட்க வெட்கமாக இருந்தது). விழவில்லை! விடிந்ததும் வீட்டுக்காரர் பிரிட்ஜ் மெக்கானிக்குக்கே போன் போட்டுவிட்டார். நான்தான் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றேன்.

இரண்டாம் ராத்திரி: பிரிட்ஜ் பிடுங்கியே இருந்தது. 4.40-க்கு விழுந்தது. அன்று பனி அதிகம், எதிர்வீட்டு பைக் சீட்டில் தண்ணீர் ஓடியது.

மூன்றாம் ராத்திரி: பிரிட்ஜ் மாட்டியாயிற்று. 3.15. வீட்டுக்காரர் தூக்கத்திலிருந்தே “இன்னா, மறுபடியும் போச்சா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கினேன். ஆர்.சி.சி.பி. நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று ஏற்றினேன், நின்றது. நான்காவதைத் தொட்டதும் டக்.

நான்காம் ராத்திரி: 3.50. அதே நான்காவது. அதை மட்டும் இறக்கிவிட்டு மற்றதையெல்லாம் ஏற்றினேன். விடியும் வரை நின்றது, பிரிட்ஜ் உட்பட.

ஐந்தாம் ராத்திரி: படுக்கும்போதே நான்காவதை இறக்கிவிட்டுப் படுத்தேன். விழவே இல்லை.

நான்காவதில் ஹால் லைட், ஃபேன், மாடிப்படி லைட், மொட்டை மாடி லைட். ஆனால் ராத்திரி அந்த சுவிட்ச் எல்லாமே ஆஃப். ஆஃபில் இருக்கிற லைட் எப்படி லீக் ஆகும்? அது புரியவில்லை. அப்புறம் பிரிட்ஜைப் பிடுங்கின முதல் நாள் ஏன் விழவில்லை?

இன்னொன்று. நீங்கள் மொட்டை மாடி லைட் பற்றிக் கேட்டதும் மாமியாரிடம் பேச்சு வாக்கில் சொன்னேன். “கொடிக்கம்பி காலங்காத்தால சுர்ருன்னு இழுக்கும், உனக்குத் தெரியாதா?” என்கிறார். போன வருஷத்திலிருந்தே இழுக்கிறதாம். வயசாகிவிட்டதால் கை மரத்துப் போகிறது என்று நினைத்துக்கொண்டாராம். எனக்கு இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

ஓய்வு வயர்மேன், திருவொற்றியூர்

அம்மா, இன்றிலிருந்து யாரும் அந்தக் கம்பியைத் தொட வேண்டாம். நான்காவது எம்.சி.பி. இறங்கியே இருக்கட்டும். இருட்டானாலும் பரவாயில்லை, மெழுகுவத்தி வையுங்கள்.

பிரிட்ஜ் கேள்விக்கு முதலில் பதில். நல்ல பிரிட்ஜிலும் வாஷிங் மெஷினிலும் ஒன்றிரண்டு மில்லி ஆம்ப் எப்போதும் எர்த்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும், அது நோய் இல்லை. மாடியில் ஒரு இருபது போகிறது, பிரிட்ஜும் மற்றதும் சேர்ந்து ஒரு மூன்று நான்கு என்று வையுங்கள். உங்கள் டிவைஸ் விழுகிற இடம் இருபத்து மூன்றாக இருந்தால் பிரிட்ஜ்தான் கடைசிப் பிடி அரிசி. பனி குறைவான நாளில் அதை எடுத்ததும் கணக்கு கீழே வந்துவிட்டது. பனி அதிகமான மறுநாள் அது இல்லாமலே தாண்டிவிட்டது. ஒரு நாள் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தால் நல்ல பிரிட்ஜைப் பிரித்திருப்பார்.

ஆஃபில் இருக்கிற லைட் எப்படி லீக் ஆகும் என்பது நல்ல கேள்வி. இரண்டு வழி உண்டு. சுவிட்சுக்குப் போகிற வழியிலேயே ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருந்தால் அதில் ஃபேஸ் எப்போதும் நிற்கும். இன்னொன்று, பழைய வயரிங்கில் நான் நிறையப் பார்த்தது: சுவிட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருப்பார்கள். லைட் அணையும், ஆனால் ஹோல்டர் வரை கரண்ட் இருக்கும். பல்ப் மாற்றப் போய் அடி வாங்குவது அதனால்தான்.

எலக்ட்ரீஷியனை வரச் சொல்லும்போது மெக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். வயரின் இன்சுலேஷன் எப்படி இருக்கிறது என்று அளக்கிற கருவி அது, 500 வோல்ட் மெக்கர். வெறும் டெஸ்டரும் மல்டிமீட்டரும் இதற்குப் பற்றாது. சப்ளையை நிறுத்திவிட்டு, பல்ப், ஃபேன் எல்லாம் கழற்றிவிட்டு, அந்தச் சுற்றை எர்த்துக்கு அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் கேள்வி கேட்க வேண்டிய சுற்று. இங்கே ஒரு தந்திரம். அவர் காலை பதினொரு மணிக்கு வந்தால் எல்லாம் காய்ந்திருக்கும், மெக்கரும் நல்லபடியாகவே காட்டும். துணி இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரே பாட்டில் வைத்திருப்பீர்களே, அதை எடுத்துக் கொடுங்கள். சப்ளை ஆஃபில் இருக்கும்போது, சந்தேகப்படுகிற பெட்டிமேல் இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். பனி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நாமே பனி பெய்துகொள்ளலாம்.

கொடிக்கம்பியின் இரண்டு முனையும் எதில் கட்டியிருக்கிறது என்று தூரத்திலிருந்து பார்த்துச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை தம்பி

அக்கா, கொடிக்கம்பி விஷயம் படித்ததும் அப்பாவிடம் சொன்னேன். நாளைக்கே ஆள் கூட்டி வருகிறேன் என்றார். எங்கள் வீட்டிலும் துணி காயப்போடுகிறது அம்மாதான்.

மாவுக்காரம்மா, ராயபுரம்

ஐயா, நேற்று வேலை முடிந்தது. வேறு ஆள், தண்டையார்பேட்டையிலிருந்து. மெக்கர் இருக்கிறதா என்று கேட்டதும் “யாரும்மா உங்களுக்குச் சொன்னது?” என்று சிரித்தார்.

கொடிக்கம்பியின் ஒரு முனை டேங்குக்குப் போகிற இரும்பு பைப்பில் கட்டியிருந்தது, முடிச்சு முழுக்கத் துரு. இன்னொரு முனை கைப்பிடிச் சுவரில் இருந்த ஒரு சின்ன இரும்புப் பெட்டியின் ஸ்க்ரூவில். கடல் பார்த்த பக்கம். அது வெறும் கொக்கி என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தோம். அதன்மேல் மூன்று தடவை சுண்ணாம்பு அடித்திருக்கிறோம்.

முதலில் அளந்தபோது மெக்கர் முள் இரண்டு மெகா ஓம் பக்கத்தில் நின்றது. அவர் உதட்டைப் பிதுக்கினார். நான் ஸ்பிரே பாட்டிலை நீட்டினேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாங்கினார். மூடி விளிம்பில் இரண்டு தடவை அடித்துவிட்டு மெக்கரைச் சுற்றினார். முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அவரே “அடடா” என்றார்.

சுண்ணாம்பைச் சுரண்டி மூடியைக் கழற்றினார். உள்ளே பெட்டியின் அடியில் வெள்ளைப் பொடி, தொட்டு நாக்கில் வைத்தால் உப்பாகத்தான் இருந்திருக்கும், வைக்கவில்லை. காய்ந்த பல்லி ஒன்று. மூன்று வயர் முறுக்கிய இடத்தில் டேப் உருகி வெல்லப்பாகு மாதிரி இழுத்தது, டேப்புக்குள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒரு முறுக்கு பெட்டியின் சுவரைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. பெட்டிக்கு எர்த் வயரே இல்லை. ஐயா சொன்னதும் சரிதான், மாடி லைட் சுவிட்ச் கறுப்பு வயரில், அதாவது நியூட்ரலில் இருந்தது. ஆக, பெட்டியிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து பைப், பைப்பிலிருந்து பூமி. நடுவில் என் மாமியாரின் ஈரக் கை.

பழைய வயரை உருவிவிட்டு 1.5 ஸ்கொயரில் புது வயர், பச்சை எர்த்தோடு. இரும்புப் பெட்டிக்குப் பதில் ரப்பர் வாசர் வைத்த பிளாஸ்டிக் பெட்டி, அதையும் சுவரின் உள்பக்கம் மாற்றி, வயர் கீழிருந்து ஏறுகிற மாதிரி வைத்தார். சுவிட்சை ஃபேஸுக்கு மாற்றினார். வயர், பெட்டி எல்லாம் வீட்டுக்காரர் பாரிஸ் கார்னர் போய் வாங்கி வந்தார். கூலியோடு சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. தேவையே இல்லாமல் மாற்றிய ஆர்.சி.சி.பி.யும் கிட்டத்தட்ட அந்த விலைதான், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பழையதை வைத்திருக்கிறேன், கீழ் வீட்டில் இல்லை, அவர்களுக்குப் போடலாமா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். டெஸ்ட் பட்டனோடு விடாமல் மீட்டர் வைத்தும் சோதித்துப் பார்த்துப் போடலாம் என்றார். பிரிட்ஜ் கொடுத்த நன்றிக்கடன்.

இப்போது கொடி நைலான் கயிறு. மாமியாருக்கு அது பிடிக்கவில்லை, துணி நடுவில் தொய்ந்து தரையைத் தொடுகிறதாம்.

நேற்று ராத்திரி நல்ல பனி. மூன்று மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிட்டது. இருட்டில் உட்கார்ந்து பிரிட்ஜ் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். நாலரைக்கும் ஓடியது, ஐந்தரைக்கும் ஓடியது. ஆறு மணிக்கு முதல் தூக்குவாளி வந்தது.

ஓய்வு வயர்மேன், திருவொற்றியூர்

சந்தோஷம் அம்மா. மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று இருக்கிற பட்டனை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். பகலில், மாவு பிரிட்ஜில் இல்லாத நேரமாகப் பார்த்து அழுத்துங்கள். கொடிக்கு நடுவில் ஒரு மூங்கில் முட்டுக் கொடுத்தால் தொய்யாது.